பன்னிரண்டு மணிக்கு வாய் திறக்கும் நாய்

நாய் பழக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது: வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது? நாயை எப்படிப் பழக்குவது என்று ஒருவரும் கேட்பதில்லை. அது உங்களுக்குத் தெரியும் போலும். தொடங்கும்போது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஆகவே என் முதல் வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஒரு வீட்டால் எனக்கு மேலும் ஒன்பது வீடுகள் கிடைத்தன. ஒரே மத்தியானத்தில் பத்தும் போயின.

கால்நடைத் திணைக்களத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மேசைக்கு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இடையில் என்னைக் கண்டிக்கு நாய் பழக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்து திரும்பியபோது அதற்குரிய பதவியை நீக்கியிருந்தார்கள். பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், முன்கூட்டியே ஓய்வு பெற்று, முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் தண்ணீரூற்றில் ஒரு கொட்டிலில் குடியிருந்தபடி இந்தத் தொழிலைத் தொடங்கினேன். போரில் இடம்பெயர்ந்த பாதி வன்னி மற்றப் பாதியின் வீட்டு வளவுகளில் கூடாரம் அடித்திருந்த காலம் அது. கடையில் குளிக்கச் சவர்க்காரம் வந்தால் அது ஊர்ச் செய்தி. அந்த நேரத்தில் உங்கள் நாய்க்கு ஒழுக்கம் கற்பிக்கப்படும் என்று அறிவித்த ஒரே மனிதன் நான்தான்.

அறிவித்தலை ஏழு தலைப்புகளில் ஒழுங்காக எழுதினேன். புதுத் தாள் கிடைக்காததால், கையிலிருந்த பழைய கோமாரி நோய் அறிக்கைப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிச் சங்கக்கடை வாசலில் தொங்கவிட்டேன். ஒரு கிழமைக்குள் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் மாட்டுக்கு ஊசி போட வந்தவர்கள். காற்றில் தாள் திரும்பியிருக்கிறது.

அதன்பின் சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில், “நாயைப் பழக்க ஆளிருக்கோ? எங்கட மருமோனையும் ஒருக்கால் பாருங்கோவன்,” என்றார்கள். இன்னொரு வீட்டில் நாய்க்குச் சோறு வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ‘நாய் மாஸ்டர்’ என்ற பெயர் மட்டும் பரவியது.

அப்படி ஒரு நாள், வேலிகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஒழுங்கையில் என் சைக்கிளை மறித்தவள்தான் தவமணி. முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அந்தக் காலத்தில், அந்த ஒழுங்கையில், அவ்வளவு பெரிய பொட்டு ஒரு வாக்குமூலம் மாதிரி இருந்தது.

“நீங்கள்தானே நாய் மாஸ்டர்?”

“ஓம்.”

“ஊளையிடுறதை நிப்பாட்டுவியளோ?”

“ஏன் ஊளையிடுது எண்டு முதல்ல பாக்கவேணும்.”

“ஏனெண்டு இஞ்சை எல்லாருக்கும் தெரியும். நிப்பாட்டேலுமோ எண்டுதான் கேட்டனான்.”

எல்லாருக்கும் தெரிந்தது இதுதான். தவமணியும் கணவனும் கண்டாவளையில் வயல் செய்தவர்கள். அங்கிருந்து இடம்பெயர்ந்து, கணவனின் தமையன் கனகசபையின் வளவுக்கு வந்து ஒரு குடிசை போட்டார்கள். விட்டுவிட்டு வந்த இரண்டு பசுக்களை ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று கணவன் திரும்பிப் போனான். ஜிம்மி என்ற நாயும் அவனுடன் போனது. பதினோராம் நாள் ஜிம்மி மட்டும் வந்தது. கழுத்தில் மாட்டுக் கயிறு ஒன்று இருந்தது. கயிற்றின் முடிச்சு கணவனின் முடிச்சு என்று தவமணி சொன்னாள். மற்ற நுனி பல்லால் கடிபட்டதல்ல, கத்தியால் வெட்டியது. நானே பார்த்தேன். எவரோ அந்த நாயைப் போகவிட்டிருக்கிறார்கள்.

வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அது எழுந்து, வடமேற்கே, கண்டாவளைப் பக்கம் பார்த்து ஊளையிட்டது. இரவில் ஊளையிடும் நாயைக் கல்லால் எறிந்து துரத்தலாம். நட்டநடுப் பகலில், வெயில் கொதிக்க, உலை கொதிக்க, ஒழுங்கை முழுதும் கேட்க, ஒரு நாய் குறித்த நேரத்துக்கு ஊளையிட்டால் என்ன செய்வது? நாய் ஊளையிட்டால் சாவு என்பது சனங்களின் நம்பிக்கை. கடிதமில்லை, செய்தியில்லை, உடலில்லை. கணவனைப் பற்றி ஊரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த நாயின் குரல். அதை வைத்து அவளுடைய பொட்டை அழிக்கப் பார்த்தார்கள்.

கனகசபை கொடுமைக்காரரல்ல. என்னைக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு முடிவு கேட்டார்கள். சித்தப்பன் இறந்துவிட்டானென்றால் செய்யவேண்டியதைச் செய்து, போன நாளிலிருந்து கணக்குப் பிடித்துத் துக்க ஆண்டைக் கழித்துவிடலாம். இருக்கிறானென்றால் இப்போதே நாள் வைக்கலாம். இரண்டுமில்லாத வீட்டில் சம்பந்தம் செய்ய அவர்களுக்குப் பயம்.

“தம்பி இருக்கிறான் எண்டால் எனக்குத்தான் முதல் சந்தோசம்,” என்றார். “இல்லையெண்டால் அதையும் ஒத்துக்கொள்ளவேணும். நாய் ஒவ்வொரு நாளும் சொல்லுது. இவா அதின்ர வாயைப் பொத்த ஆள் பிடிச்சுக்கொண்டு வாறா.”

அடுப்பெரிந்த குசினிக்குள்ளிருந்து தவமணியின் குரல் வந்தது. “நாய் சொன்னால் ஆள் செத்தது எண்டால், மரணப் பதிவுக்கு அரசாங்கக் கச்சேரியில ஒரு நாயை வைச்சிருக்கலாமே பெரியத்தான்.”

கனகசபை என்னைப் பார்த்தார். “விளங்குதோ? இதைத்தான் நான் நாள் முழுக்கக் கேக்கிறன்.”

எனக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். அந்தச் சந்தோசத்தில் இரண்டு காரியங்களை விட்டுவிட்டேன்.

திணைக்களத்தில் எனக்கு மேலே இருந்த மிருக வைத்தியர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: காது ஏமாற்றும், நாயின் தொண்டையில் கையை வை. குரைப்பு உலக்கை இடிப்பதுபோல் கையில் விழும். ஊளை ஒரே கயிறாக இழுபடும். தெரிந்த ஆள் வாசல் படலைக்கு வரும்போது நாய் போடும் சிணுங்கல் சுளகில் அரிசி புடைப்பதுபோல் இருக்கும். அவர் சொன்னதைச் செய்ய எனக்கு நேரமிருந்தது. ஒழுங்கை முழுவதும் கேட்கும் ஊளைக்குக் கை எதற்கு என்று விட்டுவிட்டேன். அடுத்தது, நாயின் காதைக் கிழமைக்கொருமுறை சோதிக்கவேண்டும் என்ற விதி. அதையும் விட்டேன்.

விடாமல் பிடித்தது ஒரேயொரு விதியைத்தான். பயிற்சி முடியும்வரை நாயைக் கட்டவிழ்க்கக்கூடாது. முற்றத்து முருங்கை மரத்தில் ஜிம்மியைக் கட்டச் சொன்னேன். “என்ன நடந்தாலும் அவிழ்க்கக்கூடாது,” என்று தவமணியிடம் இரண்டு தரம் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன்.

ஒழுங்கை முடிவில் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே மத்தியானப் பூசைக்கு மணி அடிக்கும் நேரமும் நாய் ஊளையிடும் நேரமும் ஒன்று. ஆகவே மணிதான் காரணம் என்று முடிவுகட்டினேன். மணிச் சத்தத்துக்கு ஊளையிடும் நாய்கள் உண்டு. பால்மாத் தகரப் பேணியொன்றில் கூழாங்கற்களைப் போட்டு, ஊளை எழும்பும் கணத்தில் குலுக்கினேன். நாய் திடுக்கிட்டு நிறுத்தும். கருவாட்டுத் தலை கொடுப்பேன். தின்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இரண்டு கிழமை இப்படியே போனது.

தவமணியிடம் மணியைப் பற்றிச் சொன்னேன். “மணி எல்லா நாய்க்கும்தானே அடிக்குது மாஸ்டர்,” என்றாள்.

பதினைந்தாம் நாள் காலையில் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. சனம் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. குண்டுகளில் ஒன்று கனகசபையின் வளவுக்குப் பின்னாலிருந்த பனங்காணியில் விழுந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று பனைகள் ஓலை வட்டோடு போயின.

அடுத்த நாள் நான் போனபோது முற்றமெல்லாம் மண்ணும் ஓலையும். ஜிம்மி முருங்கை மரத்தடியில் படுத்திருந்தது. வழமையாக என் சைக்கிள் மணிக்குக் குரைக்கும் நாய், அன்று தலையைக்கூடத் திருப்பவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஜிம்மி எழுந்தது. வடமேற்கே திரும்பி, தலையை உயர்த்தி, வாயைத் திறந்தது. பேணியைத் தூக்கினேன். குலுக்கத் தேவையிருக்கவில்லை. சத்தம் வரவில்லை. திறந்த வாய், அசையும் தொண்டை, வெயில். ஊளையிட எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றது. பிறகு படுத்துக்கொண்டது.

நான் பேணியைக் கீழே வைத்தேன். கைக்குறிப்பேட்டில், ‘ஊளை நின்றது. சைக்கிளுக்குக் குரைப்பதும் நின்றது. வெற்றி,’ என்று எழுதினேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

“கட்டவிழ்க்கலாமோ இனி?” என்று தவமணி கேட்டாள். அவிழ்க்கலாம் என்றேன். அவள் நாயின் அருகே போய் நிலத்தில் குதிக்காலால் இரண்டு தரம் தட்டினாள். அது எழுந்து அவள் பின்னால் போனது. அந்தத் தட்டலையும் நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

இதற்குப் பிறகு வாடிக்கையாளரைத் தேடி நான் போகவில்லை. அவர்களே வந்தார்கள். தண்ணீரூற்றில் அப்போது காணாமற்போனவர் ஒருவராவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். மகன், மருமகன், விறகுக்குப் போன தகப்பன். அந்த வீடுகளிலெல்லாம் நாய் இருந்தது. சில நாய்கள் ஊளையிட்டன. சில ஊளையிட்டதே இல்லை. ஆனாலும் கொண்டுவந்தார்கள். “இனிமேலும் ஊளையிடாமப் பழக்கிவிடுங்கோ,” என்றார்கள். வருமுன் காப்பது திணைக்களத்தின் கொள்கையும்கூட. மறுக்க எனக்கு நிர்வாகக் காரணம் எதுவும் தோன்றவில்லை. தொழில் நடந்தது.

அந்த ஒன்பது நாய்களையும் பேணியாலும் கருவாட்டாலும் உண்மையாகவே பழக்கினேன். நான்கைந்து மாதத்தில் அந்த ஒழுங்கை எப்படி மாறியது என்று சொல்லவேண்டும். மத்தியான மணி அடிக்கும். ஒவ்வொரு வளவிலும் ஒரு நாய் எழுந்து நிற்கும். வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கும். பிறகு சத்தமில்லாமல் இருந்துகொள்ளும். ஒழுங்கையால் போகும் வெளியூர்க்காரர் சைக்கிளை விரைவாக மிதிப்பார்கள். மீன்காரன் ஒருவன் என்னிடம் சொன்னான்: “உந்த ஒழுங்கையில நாயள் என்னைப் பாக்குதுகள் ஐயா. குரைச்சால் பரவாயில்லை. பாக்குதுகள்.” அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். நான் அதை என் திறமைக்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கனகசபை என்னைச் சந்தியில் மறித்தார்.

“மாஸ்டர், நீங்கள் நாயின்ர வாயைத்தான் கட்டினியள் எண்டு நினைச்சன். ஒழுங்கையையே கட்டிப்போட்டியள். இப்ப ஒருத்தரும் அழுறதுமில்லை, சிரிக்கிறதுமில்லை. என்ர மோளின்ர கலியாணம் அந்தரத்தில நிக்குது.”

“அது என்ர வேலையில்லை.”

“ஓமோம். உங்கட வேலை நாயோட மட்டும்தான்.”

அடுத்த கிழமை தவமணி என் கொட்டிலுக்கு வந்தாள். கணவன் போய் அப்போது ஒரு வருடத்தை நெருங்கியிருந்தது. கனகசபையின் மகள் அவளிடம் வந்து அழுதிருக்கிறாள். சித்தி, எனக்கு ஒரு முடிவைச் சொல்லுங்கோ என்று.

“அடக்கினதை நீங்களே அவிட்டுவிடுங்கோ மாஸ்டர்,” என்றாள் தவமணி. “வாற வெள்ளிக்கிழமை ஜிம்மியை ஊளையிட வையுங்கோ. பெரியத்தான் நிக்கட்டும். கோயில் ஐயரும் வந்து நிக்கட்டும், அவர் சொன்னால் மாப்பிளை வீட்டார் கேப்பினம். நாய் ஊளையிட்டால் நான் அந்த இடத்திலயே பொட்டை அழிக்கிறன். ஊளையிடாட்டி இவர் இருக்கிறார். பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கப்படாது.”

“தங்கச்சி, நாய் ஊளையிடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.”

“எனக்கும் அது தெரியும். அவைக்குத் தெரியாதே.”

அப்போது நான் மறுத்து, அந்த மறுப்பிலேயே நின்றிருக்கவேண்டும். ஒரு நாயை ஊளையிட வைப்பது எங்கள் தொழிலில் மிக எளிது என்பதை அறிந்தவன் நான். எளிது என்பதே அவளுக்கு ஆபத்து என்பதும் விளங்கியது. ஊளையிட்டுவிடும், பொட்டு போய்விடும். செய்யமாட்டேன் என்றேன். “அப்ப வேற ஆளைப் பாக்கிறன்,” என்றாள். வன்னியில் வேறு ஆள் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கனகசபையின் முற்றத்தில் நின்றோம். ஐயர் பூசையை ஒரு மணித்தியாலம் பிந்திச் செய்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கனகசபை புதுச் சால்வை போட்டிருந்தார். தவமணி குடிசை வாசலில். ஜிம்மி முருங்கை மரத்தடியில் தலையைக் கால்களுக்கிடையில் வைத்துப் படுத்திருந்தது.

நாயை ஊளையிட வைக்க ஒரே வழிதான் உண்டு. நீங்கள் ஊளையிடவேண்டும். இருபத்தாறு வருட அரச சேவையில் இருந்த ஒருவன், மடிப்புக் கலையாத சட்டையுடன், ஓர் ஐயருக்கு முன்னால் குந்தியிருந்து நாயைப்போல் ஊளையிடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு தலையை உயர்த்தி, நீளமாக, மூச்சு முடியும்வரை ஊளையிட்டேன்.

முற்றம் அமைதியாக இருந்தது. ஜிம்மி அசையவில்லை.

பிறகு பக்கத்து வளவிலிருந்து ஒரு நாய் பதில் சொன்னது. மாதக்கணக்கில் வாய் திறவாத நாய். அதற்கடுத்த வளவில் இன்னொன்று. எதிர்ப்பக்கத்தில் ஒன்று. நான் பழக்கிய ஒன்பது நாய்களும், ஒவ்வொரு வளவிலும், ஒன்றன்பின் ஒன்றாக, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஊளையிட்டன. வீடுகளில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. சட்டி ஒன்று விழுந்தது. நான்காவது வளவில் ஒரு பெண் பெரிதாக அழத் தொடங்கினாள்.

கையில் பிடித்திருந்த பேணி என்னையறியாமல் நழுவி, ஜிம்மியின் தலைக்கு இரண்டடி பின்னால், கல்லில் பெருஞ்சத்தத்துடன் விழுந்து மூடி தெறித்தது. நான் துள்ளினேன். ஐயர் துள்ளினார். ஜிம்மியின் காது நுனிகூட அசையவில்லை.

அப்போது எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. பொம்மர் வந்த காலை. பதுங்குகுழிக்குள் சனம். முருங்கை மரத்தில், நான் எழுதிக்கொடுத்தபடி, அவிழ்க்காமல் கட்டியிருந்த நாய். அது பழகவில்லை. அதற்குக் காது கேட்காது; தன் குரலே தனக்குக் கேட்காததால் குரல் கொடுப்பதையும் விட்டிருக்கிறது. எனக்கு ஒன்பது வீடுகளைத் தேடித்தந்த வெற்றி நான் அதற்குச் செய்த சேதம்.

நான் தலை நிமிர்ந்தபோது கனகசபை பேணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாயைப் பார்த்தார். பிறகு என்னை. அவருக்கும் விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில் ஜிம்மி தானாக எழுந்தது. வடமேற்கே திரும்பியது. தலையை உயர்த்தி வாயைத் திறந்தது. சத்தமில்லை. ஐயர் கும்பிட்டார். “ஊர் நாயெல்லாம் குழறுது, இது வாய் திறந்தும் சத்தம் போடேல்லை,” என்றார். “ஆள் இருக்கிறார்.”

தவமணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கனகசபை குனிந்து, சிதறிய கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் தந்தார். “பிள்ளை, மாஸ்டருக்குத் தேத்தண்ணி போடு,” என்று தவமணியிடம் சொல்லிவிட்டு, என் காதோடு, “நாயின்ர காதைப் பற்றி நீங்கள் எங்கையாவது கதைச்சியள் எண்டால், உங்கட காதை நான் பாக்கவேண்டி வரும்,” என்றார். அவருக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

தேநீர் குடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். படலைகள் தோறும் பெண்கள். நான்காவது வளவில் அழுதவள் செல்லம்மா. மலையகத்திலிருந்து வந்து அங்கே காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். மகன் போய் ஏழு மாதம். அவள் என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“எங்க வீட்டு நாய ஏன் கத்த வச்சீங்க?”

“ஒரு நாய் ஊளையிட்டா மற்ற நாய்கள் ஊளையிடும், அம்மா. அது அதுகளின்ர குணம். வேற ஒண்டுமில்லை.”

“அப்ப ஜிம்மி ஏன் கத்தல?”

நீங்கள் வாடிக்கையாளரைப் பற்றிக் கேட்டீர்கள். இதுதான் அந்தத் தொழிலின் மையமான கேள்வி. ஜிம்மிக்குக் காது கேட்காது என்ற ஒரு வசனத்தால் ஒன்பது வீடுகளின் ஊளையும் வெறும் நாய்ச் சத்தமாகிவிடும். அதே வசனத்தால் தவமணியின் பொட்டு போய்விடும். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. “எனக்குத் தெரியாது,” என்றேன்.

செல்லம்மா கையை எடுத்துவிட்டாள். அடுத்த மாதம் மகனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள். மற்ற வீடுகளில் இன்னும் இரண்டில் அப்படியே நடந்தது. வெகுகாலம் கழித்து அவளிடம் போய் உண்மையைச் சொன்னேன். “அப்படிங்களா,” என்றாள். தவறுகளை வரிசைப்படுத்தச் சொன்னால், காதைச் சோதிக்காததை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

அதன்பின் எனக்கு அந்த ஒழுங்கையில் வேலையில்லை. ஆனால் கலியாணத்துக்கு அழைப்பு வந்தது. கனகசபையே வந்து சொன்னார். அவர் எதையும் பாதியில் விடுகிற ஆளல்ல.

அதே முற்றத்தில் பந்தல். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. பன்னிரண்டுக்கு முன்னால் எல்லாம் முடியவேண்டும் என்று கனகசபை ஐயரிடம் கேட்டிருந்தாராம். பொம்பிளை மாப்பிளைக்கு ஆராத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும். அதிலொருத்தியாக, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்க, தவமணியை முன்னுக்கு அழைத்தார். பொட்டு அன்றும் பெரிதாகத்தான் இருந்தது.

பிறகு அவள் எனக்குப் பாயசம் கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

“மாஸ்டர், உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். ஜிம்மிக்குக் காது கேக்காது. குண்டு விழுந்த அண்டையிலயிருந்து. நான் நிலத்தில தட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுறனான்.”

நான் பாயசத்தைக் கீழே வைத்தேன். “அப்ப அண்டைக்கு...”

“தெரிஞ்சுதான் கேட்டனான். நீங்கள் என்ன கத்தினாலும் அது ஊளையிடாது எண்டு தெரியும். மற்ற நாயள் கத்தும் எண்டு தெரியாது. செல்லம்மாக்காவின்ர வீட்டை இப்ப நான் போறேல்லை.”

என்னைவிட அவள்தான் நல்ல பழக்குநர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பழக்கியது எங்களை.

“ஒண்டு மட்டும் கேக்கிறன்,” என்றேன். “அண்டைக்கு ஐயர் உங்கட முற்றத்தில நிண்டவர். கோயில் மணி அடிக்கவே இல்லை. அடிச்சிருந்தாலும் அதுக்குக் கேக்காது. பின்னை என்னெண்டு அந்த நேரத்துக்கு எழும்பி வாயைத் திறந்தது?”

“அதுதான் எனக்கும் தெரியாது.” அவள் நிழலைப் பார்த்தாள். “இப்ப நேரம் சரி. வாங்கோ.”

பந்தலின் ஓரத்தில் ஜிம்மி எழுந்து நின்றது. மேளக்காரர் சாப்பிடப் போயிருந்தார்கள். பார்த்தவர்கள் தங்கள் கதையை நிறுத்தினார்கள். பிறகு பார்க்காததுபோல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாய் வடமேற்கே திரும்பித் தலையை உயர்த்தி வாயைத் திறந்தது.

“நீங்கள் படிச்ச ஆள்தானே. பாத்துச் சொல்லுங்கோ,” என்றாள்.

நான் முழங்காலிட்டு, முதல் நாளே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். அதன் தொண்டையில் உள்ளங்கையை வைத்தேன்.

இழுபடும் கயிறு அங்கே இல்லை. உலக்கை இடியும் இல்லை. சுளகில் அரிசி புடைப்பதுபோல் சிறு சிறு அதிர்வுகள், விட்டு விட்டு, விரைவாக. கீழே பார்த்தேன். வால் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் நாங்கள் எல்லோரும் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கையை எடுத்தேன். நாய் பார்த்த திசையில் வளவுப் படலை இருந்தது. அது சாத்தியிருந்தது. அதற்கப்பால் வெயிலும் வெறும் ஒழுங்கையும்தான்.

“என்ன மாஸ்டர், ஊளையோ?” தவமணி என்னைப் பார்க்கவில்லை.

இந்தமுறை நான் தெரியாது என்று சொல்லவில்லை.

“இல்லை,” என்றேன். “தெரிஞ்ச ஆள் வரேக்கை போடுற சத்தம்.”

அவள் போய்ப் படலையைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.